மண்டைக்குள் மெல்லச் சேரும் ரத்தம்

மூளையைச் சுற்றி ரத்தம் கசிகிறது என்று கேட்டவுடன் நம் மனத்தில் எழுவது ஒரு விபத்தின் காட்சிதான்: பலத்த அடி, மயக்கம், அவசர அறுவை. ஆனால் வாரக்கணக்கில், சில வேளைகளில் மாதக்கணக்கில், அடிபட்டவருக்கே தெரியாமல் மூளையின் மேற்பரப்பில் ரத்தம் சேர்ந்துகொண்டே போகும் நோய் ஒன்று இருக்கிறது. மருத்துவர்கள் அதை நாள்பட்ட சப்டியூரல் ஹீமட்டோமா என்கிறார்கள். நோயாளியின் வீட்டாருக்கு அது மூளைக்கு மேலே கட்டிய ரத்தக்கட்டு. முதியோரிடம் மிகுதியாகக் காணப்படும் இந்த நோயைப் பெரும்பாலும் சிறியதோர் அறுவை சிகிச்சையால் சரிசெய்துவிட முடியும். அப்படியிருந்தும் ‘வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்’ என்று வீட்டிலுள்ளோர் தேற்றிக்கொள்வதால் அது நெடுநாள் கவனிக்கப்படாமலே கிடக்கிறது. இதை எழுத என்னைத் தூண்டியது அந்த வருத்தந்தான்.

என் தந்தைக்கு இது வந்தது. இடது காலிலிருந்து செருப்பு நழுவிவிடும். அதை உணராமல் அவர் வெறுங்காலோடு நாலைந்து அடி நடந்துபோவார். சட்டைப் பொத்தான்களை வலக்கையால் மட்டுமே போட்டுக்கொள்வார். இடக்கை மடியில் கிடக்கும். காலையில் செய்தித்தாளைத் தெளிவாகப் படித்தவர், மாலையில் இன்று என்ன கிழமை என்று கேட்டால் விழிப்பார். மறுநாள் காலையில் மீண்டும் பழையபடி பேசுவார். ஸ்கேன் எடுத்தபோது வலப்பக்க மூளையின் மேல் ரத்தம் பிறை வடிவில் பரந்து, மூளையின் நடுக்கோட்டையே இடப்பக்கமாகத் தள்ளியிருந்தது தெரிந்தது. அவ்வளவு பெரிய கட்டு இருந்தும் அவருக்குத் தலைவலி இல்லை, வாந்தி இல்லை, விழித்திரையைப் பரிசோதித்தபோது பார்வை நரம்பில் வீக்கமும் இல்லை. உள்ளே அழுத்தம் அவ்வளவாக ஏறவில்லை என்றார் அறுவை மருத்துவர். அப்படியானால் கை ஏன் சோர்ந்தது, நினைவு ஏன் தடுமாறியது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு நான் படித்ததிலும் மருத்துவர்களைக் கேட்டதிலும் கிடைத்த விடையில், அழுத்தத்தைவிட ரத்த ஓட்டத்துக்குத்தான் பெரிய இடம் இருக்கிறது.

முதலில் இந்த ரத்தம் எங்கே தங்குகிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். மூளைக்கு மூன்று உறைகள் உண்டு. மண்டையோட்டின் உட்புறத்தை ஒட்டியிருப்பது டியூரா எனப்படும் தடித்த உறை. அதற்கு உட்புறம் சிலந்திச் சவ்வு. மூளையின் மேற்பரப்போடு ஒட்டிக்கிடப்பது மெல்லிய மூன்றாவது உறை. டியூராவுக்கும் சிலந்திச் சவ்வுக்கும் இடையே இயல்பில் வெற்றிடம் எதுவும் கிடையாது. அங்கே இருப்பது, ஒன்றோடொன்று தளர்வாகப் பிணைந்த உயிரணுக்களாலான ஓர் அடுக்கு. அந்த அடுக்கு பலவீனமானது. விசை பட்டால் அதுவே பிளந்து, ரத்தம் தங்கும் இடமாக மாறுகிறது. மூளையின் மேற்பரப்பிலிருந்து அசுத்த ரத்தத்தைச் சுமந்து டியூராவிலுள்ள பெரிய வடிகாலுக்குப் போகும் இணைப்புச் சிரைகள் இந்த அடுக்கைக் கடந்தே செல்ல வேண்டும். அவற்றின் சுவர், சரியாக இந்த இடத்தில்தான் மிக மெல்லியதாக இருக்கிறது.

வயது ஏற ஏற மூளை சுருங்குகிறது. ஐம்பது வயதுக்கும் எண்பது வயதுக்கும் இடையில் மூளையின் எடை ஏறத்தாழ 200 கிராம் குறையலாம் என்பது மருத்துவ நூல்களில் அடிக்கடி காணப்படும் கணக்கு. மண்டையோடு சுருங்குவதில்லை. ஆகவே மூளைக்கும் ஓட்டுக்கும் இடையிலான இடைவெளி அகன்று, இணைப்புச் சிரைகள் இழுபட்ட நிலையிலேயே இருக்கின்றன. கதவு நிலையில் தலை இடித்துக்கொண்டது, கட்டிலிலிருந்து எழும்போது தடுமாறி உட்கார்ந்தது போன்ற சின்ன அதிர்ச்சியே அவற்றில் ஒன்று கிழியப் போதும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும், மது மிகுதியாக அருந்துபவர்களுக்கும், மூளையிலிருந்து நீரை வடிக்கக் குழாய் பொருத்தப்பட்டவர்களுக்கும் இந்த வாய்ப்பு இன்னும் கூடுதல். என்றைக்கு அடிபட்டது என்று பலராலும் சொல்ல முடிவதில்லை. அடிபட்டதாகவே நினைவில்லாதவர்களும் நிறைய இருக்கிறார்கள்.

இதுவரை சொன்னது தொடக்கம் மட்டுமே. கிழிந்த சிரையிலிருந்து கசிந்த சிறிதளவு ரத்தத்தை உடல் தானாகவே கரைத்து உறிஞ்சிவிட்டிருந்தால் இந்த நோயே இருக்காது. பலருக்கு அப்படித்தான் நடந்து முடிந்தும்விடுகிறது. மற்றவர்களுக்கு ஏன் அது வாரக்கணக்கில் வளர்கிறது என்பது பழைய கேள்வி. சுவிஸ் மருத்துவர் யோஹான் வெப்ஃபர் 1657-இலேயே இத்தகைய ஒரு ரத்தப் பையை விவரித்திருக்கிறார். ஜெர்மன் நோயியலாளர் ருடால்ஃப் விர்ச்சோ 1857-இல் இதை மூளை உறையின் அழற்சி என்றே வகைப்படுத்தினார். அடிபடுவதற்கும் இதற்கும் அவர் தொடர்பு காணவில்லை. ஆங்கிலேய அறுவை மருத்துவர் வில்ஃப்ரெட் ட்ராட்டர் 1914-இல், இணைப்புச் சிரைகள் கிழிவதே காரணம் என்று வாதிட்டபின் அழற்சிக் கருத்து ஓரங்கட்டப்பட்டது. பிறகு 1930-களில், உடைந்த ரத்த அணுக்களின் புரதம் நீரை உள்ளே இழுப்பதால்தான் கட்டு பெருக்கிறது என்ற விளக்கம் வந்தது. கட்டிலுள்ள திரவத்தின் ஊடுபரவல் அடர்த்தியை, அதாவது நீரை இழுக்கும் திறனை, அளந்து, அது நோயாளியின் ரத்தத்திலிருந்து வேறுபடவில்லை என்று நரம்பியல் அறுவை மருத்துவர் பிரைஸ் வியர் காட்டியதோடு அந்த விளக்கம் வலுவிழந்தது.

இன்று நிலைபெற்றிருக்கும் விளக்கத்தில் விர்ச்சோவுக்கும் இடமிருக்கிறது, ட்ராட்டருக்கும் இடமிருக்கிறது. பிளந்த அடுக்கின் உயிரணுக்கள் பெருகத் தொடங்குகின்றன. சில வாரங்களுக்குள் ரத்தத்தைச் சுற்றி இரண்டு சவ்வுகள் உருவாகின்றன: மூளையை ஒட்டியது மெல்லியது, ரத்தக்குழாய்கள் அரிதானது, டியூராவை ஒட்டியது தடித்தது, புதிய ரத்தக்குழாய்கள் நிறைந்தது. புதிய குழாய்களை வளரத் தூண்டும் புரதங்களும் அழற்சிப் புரதங்களும் கட்டின் திரவத்தில் பெருமளவு காணப்படுகின்றன. அவசரத்தில் முளைத்த அந்தக் குழாய்களின் சுவர் சல்லடைபோல் இளகியது. அவற்றிலிருந்து ரத்தம் மீண்டும் மீண்டும் கசிகிறது. அதோடு, உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் நொதிகள் அதே திரவத்தில் மிகுதியாகச் செயல்படுவதால், கசிந்தது உறைந்து அடைபடுவதும் இல்லை. கதிரியக்கக் குரோமியத்தால் அடையாளமிட்ட சிவப்பணுக்களை நோயாளிகளின் ரத்தத்தில் செலுத்தி, அவை பின்னர் கட்டுக்குள் தென்படுவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். என்றோ கிழிந்த சிரை ஆறிய பின்னும் கட்டு வளர்வதன் காரணம் இதுவே. இது ஆறாத புண்ணின் கதை. அதனால்தான் இதை உறைந்துபோன பழைய ரத்தம் என்று மட்டும் எண்ணுவது சிகிச்சையைப் பற்றிய எதிர்பார்ப்புகளையும் தவறான திசையில் கொண்டுபோகும்.

இனி அழுத்தத்துக்கு வருகிறேன். வளர்ந்தவரின் மண்டையோடு விரியாதது. அதற்குள் இருப்பவை மூன்று: மூளைத் திசு ஏறத்தாழ 80 சதவீதம், ரத்தம் 10 சதவீதம், மூளைத் தண்டுவடத் திரவம் 10 சதவீதம். இவற்றின் மொத்தக் கொள்ளளவு மாறாது, ஒன்று கூடினால் மற்றொன்று குறைந்தாக வேண்டும் என்ற கருத்தை ஸ்காட்லாந்து மருத்துவர்களான அலெக்சாண்டர் மன்றோ 1783-இலும் ஜார்ஜ் கெல்லி 1824-இலும் முன்வைத்தார்கள். தண்டுவடத் திரவத்தையும் அந்தக் கணக்கில் சேர்த்தது பின்னால் வந்தவர்கள். இந்த மூன்றோடு நான்காவதாக ஒரு ரத்தக்கட்டு வந்து சேரும்போது, முதலில் இடம் கொடுப்பது தண்டுவடத் திரவம். அது முதுகுத் தண்டின் உறைக்குள் இறங்குகிறது, உறிஞ்சப்படுவதும் கூடுகிறது. அடுத்து, சிரைகளிலுள்ள ரத்தம் மண்டையோட்டை விட்டு வெளியே தள்ளப்படுகிறது. இவை இரண்டும் நடந்துகொண்டிருக்கும் வரை அழுத்தம் அதிகம் ஏறுவதில்லை. படுத்திருக்கும் ஒருவருக்கு இயல்பான அழுத்தம் 7 முதல் 15 மில்லிமீட்டர் பாதரசம் வரை. கட்டு பெருகியும் அது அந்த எல்லைக்குள்ளேயோ சற்று மேலேயோ நின்றுவிடலாம்.

ஆனால் விட்டுக்கொடுக்க இனி எதுவுமில்லை என்ற நிலை வந்ததும் நிலைமை அடியோடு மாறிவிடுகிறது. கொள்ளளவையும் அழுத்தத்தையும் வரைபடமாக்கினால், முதலில் கிடைமட்டமாகப் போகும் கோடு ஓரிடத்தில் செங்குத்தாக ஏறத் தொடங்கும். அதுவரை 50 மில்லிலிட்டர் ரத்தத்தைத் தாங்கிய மண்டை, அதற்குப் பிறகு 5 மில்லிலிட்டரைக்கூடத் தாங்காது. நேற்றுவரை நன்றாக இருந்தாரே என்று வீட்டார் அதிர்ந்துபோவது இதனால்தான்; நேற்று அவர் கோட்டின் கிடைமட்டப் பகுதியின் இறுதியில் இருந்தார்.

முதியவரின் சுருங்கிய மூளை இங்கே இரண்டு விதமாக வேலை செய்கிறது. அதே சுருக்கம்தான் சிரைகளை இழுபட வைத்து நோய்க்கு வழிவிடுகிறது. அதே சுருக்கம் தந்த வெற்றிடம்தான் 100 மில்லிலிட்டருக்கும் மேற்பட்ட ரத்தத்தைக்கூட அழுத்தம் ஏறாமல் ஏற்றுக்கொள்ளவும் செய்கிறது. நாற்பது வயதுக்காரரின் மண்டையில் அந்த இடமில்லை. ஆகவே இளையவர்களுக்குச் சின்னக் கட்டே தலைவலியையும் வாந்தியையும் கொடுத்து மருத்துவமனைக்கு அனுப்பிவிடுகிறது. முதியவர்களிடமோ நடையில் தடுமாற்றம், ஒருபக்கச் சோர்வு, மறதி, குழப்பம், பேச்சுக் குழறல் ஆகியவையே முன்னால் நிற்கின்றன. தலைவலி இல்லாததால் தலையில் ஒன்றுமில்லை என்று முடிவுகட்டுவது இந்த நோயில் மிக ஆபத்தான முடிவு.

அழுத்தம் ஏறாவிட்டால் மூளை ஏன் பாதிக்கப்பட வேண்டும்? மூளைக்குள் ரத்தத்தைச் செலுத்தும் விசையைக் கணக்கிட ஓர் எளிய கழித்தல் இருக்கிறது: தமனிகளின் சராசரி அழுத்தத்திலிருந்து மண்டையோட்டுக்குள் இருக்கும் அழுத்தத்தைக் கழிக்க வேண்டும். ரத்த அழுத்தம் 120/80 உள்ளவருக்குச் சராசரி ஏறத்தாழ 93. உள்ளழுத்தம் 10 என்றால் மீதி 83. கட்டு வந்து உள்ளழுத்தம் 20 ஆனாலும் 73 மிஞ்சும். இந்த விசை ஏறத்தாழ 60 முதல் 150 வரை எங்கே இருந்தாலும், மூளையின் நுண்தமனிகள் தாமே விரிந்தும் சுருங்கியும் ரத்த ஓட்டத்தை ஒரே அளவில் வைத்துக்கொள்ளும் என்பதை டென்மார்க் மருத்துவர் நீல்ஸ் லாசென் 1959-இல் தொகுத்து நிறுவினார். அந்தக் கணக்கின்படி பார்த்தால் என் தந்தையின் மூளைக்கு எந்தக் குறையும் இருந்திருக்கக் கூடாது.

கணக்கில் பிழை இல்லை. அது முழு மூளைக்கும் ஒரே எண்ணைத் தருகிறது என்பதுதான் குறை. கட்டு இருப்பது ஒரு பக்கத்தில். அதன் அடியில் நேரே நசுங்கிக் கிடக்கும் புறணியின், அதாவது மூளையின் மேலடுக்கின், நுண்குழாய்களுக்கும் சிரைகளுக்கும் மற்ற இடங்களைவிட அழுத்தம் கூடுதல். தமனிகளின் சுவர் தடித்தது, உள்ளே அழுத்தமும் அதிகம்; அவை எளிதில் நசுங்குவதில்லை. சிரைகள் அப்படியல்ல. அவற்றில் ரத்தம் குறைந்த அழுத்தத்தில் ஓடுகிறது. சுற்றிலும் அழுத்தம் சிறிது கூடினாலே அவை ஒடுங்கிவிடுகின்றன. வெளியேறும் வழி ஒடுங்கினால் உள்ளே வருவதும் தேங்கும். ஆகவே இந்த நோயில் ரத்த ஓட்டக் குறைவு பெருமளவு வடிகாலின் பக்கத்திலிருந்து தொடங்குகிறது என்று எண்ண இடமிருக்கிறது.

இயல்பில் 100 கிராம் மூளைத் திசுவுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 50 மில்லிலிட்டர் ரத்தம் வேண்டும். முழு மூளைக்கு 700 மில்லிலிட்டருக்கும் மேல். உடல் எடையில் 2 சதவீதமே உள்ள உறுப்பு, உடல் செலவிடும் ஆக்சிஜனில் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. சேமித்து வைக்கும் வசதியும் அதற்கு இல்லை. ஓட்டம் 20-க்குக் கீழே இறங்கினால் நரம்பணுக்களின் மின்செயல்பாடு தவறத் தொடங்கும். 10-ஐ ஒட்டி இறங்கினால் அணுக்களின் சவ்வே தாங்காமல் திசு இறக்கத் தொடங்கும். இந்த இரண்டு எல்லைகளுக்கும் இடையில் ஒரு நிலை இருக்கிறது: அணுக்கள் உயிரோடு இருக்கும், வேலை செய்யாது. இந்த நோயாளிகளில் பெரும்பாலோருடைய ஓட்டம் அந்த அளவுக்குக்கூட இறங்குவதில்லை. 50-க்கும் 20-க்கும் இடையிலேயே குறைந்து நிற்கிறது. சோர்ந்த கை, கட்டை வடித்ததும் திரும்பி எழுவது இதனால்தான். தமனி அடைபட்டு வரும் பக்கவாதத்தில் இழந்ததைப் போன்ற இழப்பு இங்கே பெரும்பாலும் நேர்வதில்லை.

செனான் வாயுவைக் கொண்டும், கதிரியக்கச் சுவடுகளைக் கொண்டும் மூளையின் ரத்த ஓட்டத்தை அளந்த ஆய்வுகள் பல இருக்கின்றன. அவற்றில் என்னை மிகவும் யோசிக்க வைத்தவை மூன்று. முதலாவது, தலைவலி மட்டும் உள்ளவர்களிடம் ஓட்டம் அதிகம் குறைந்திருக்கவில்லை. கை கால் சோர்ந்தவர்களிடமும் குழப்பமுற்றவர்களிடமும்தான் குறைந்திருந்தது. தலைவலி அழுத்தத்தோடும் உறையின் இழுவையோடும் சேர்ந்தது. செயலிழப்பு ஓட்டத்தோடு சேர்ந்தது என்று பிரித்துப் பார்க்க இது உதவுகிறது. இரண்டாவது, கட்டுக்கு நேர் அடியிலுள்ள புறணியைப் போலவே, சில நோயாளிகளிடம் அதைவிடக் கூடுதலாகவும்கூட, மூளையின் ஆழத்திலுள்ள தலாமஸ் முதலிய பகுதிகளிலும் ஓட்டம் குறைந்திருந்தது. மூளை ஒருபக்கமாகத் தள்ளப்படும்போது நடுப்பகுதி கோணி, அங்கே போகும் மெல்லிய தமனிகள் இழுபடுகின்றன. விழிப்பையும் கவனத்தையும் காக்கும் பகுதி அது என்பதால், ஒருவர் எப்போதும் தூங்கி வழிவதற்கும் பேச்சின் நடுவே தொலைந்துபோவதற்கும் விளக்கம் கிடைக்கிறது. மூன்றாவது, கட்டு இல்லாத எதிர்ப்பக்கத்திலும் சிலருக்கு ஓட்டம் குறைந்திருந்தது. ஒரு பக்கத்துச் செயல் மங்கினால் அதனோடு பிணைந்த தொலைவான பகுதிகளின் தேவையும் குறைந்து, அங்கே ஓட்டமும் தணிகிறது என்பது ஒரு விளக்கம்.

வந்து வந்து போகும் அறிகுறிகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டாரும் மருத்துவரும் ஒருசேர ஏமாறும் இடம் அதுதான். பேச்சு பத்து நிமிடம் குழறித் தெளிகிறது. கை ஒரு மணி நேரம் மரத்துத் திரும்புகிறது. பார்ப்பவருக்கு அது தமனி அடைப்பின் முன்னறிவிப்பாக, சிறு பக்கவாதமாகத் தோன்றும். ரத்தம் மெலிய மாத்திரை கொடுக்கப்படும். இந்த நோயிலோ அந்த மாத்திரை கசிவைக் கூட்டவே செய்யும். ஸ்கேன் எடுக்காமல் அந்த மாத்திரையைத் தொடங்கக் கூடாது என்பதை நான் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும்.

ஏன் வந்து போகின்றன என்பதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்கள் உண்டு. ஓட்டம் எல்லையை ஒட்டி நிற்கும் திசுவில், தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் ஆற்றலும் குறைந்திருக்கும்; படுக்கையிலிருந்து எழும்போது ரத்த அழுத்தம் சற்றுத் தாழ்ந்தாலும், நீர்ச்சத்துக் குறைந்தாலும், காய்ச்சல் வந்தாலும் அது எல்லைக்குக் கீழே சரிந்துவிடும். புதிதாகச் சிறிது கசிவு ஏற்பட்டால் பக்கத்துத் திசு கூடுதலாக நசுங்கும். இன்னொரு காரணத்தை அண்மை ஆண்டுகளில்தான் கவனிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். புறணியில் ஓரிடத்தில் தொடங்கும் மின் அணைவு அலை, நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில் பக்கத்துக்குப் பரவி, போகும் வழியிலெல்லாம் நரம்பணுக்களைச் சிறிது நேரம் ஊமையாக்கிவிட்டுப் போகும் நிகழ்வைப் பிரேசில் ஆய்வாளர் அரிஸ்டிடீஸ் லியாவோ 1944-இல் முயல்களில் கண்டறிந்தார். கட்டை வடித்த பிறகு மூளையின் மேற்பரப்பில் மின்முனைப் பட்டைகளை வைத்துக் கவனித்தபோது, இந்த நோயாளிகளில் சிலரிடமும் அந்த அலை பதிவாகியிருக்கிறது. ஸ்கேனில் மாற்றமில்லை, வலிப்பும் இல்லை, ஆனால் பேச்சு மட்டும் நின்று திரும்புகிறது என்ற புதிருக்கு இது நல்ல விளக்கம் என்றே நான் கருதுகிறேன்.

ஈடுகொடுக்கும் ஆற்றல் முழுவதும் தீர்ந்துவிட்டால் நடப்பதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். தள்ளப்பட்ட மூளை, உறையின் மடிப்புகளுக்கு அடியில் பிதுங்குகிறது. அங்கே தமனிகள் நசுங்கிப் புதிய இடங்களில் ரத்த ஓட்டம் நிற்கிறது. மூன்றாம் மூளை நரம்பு அழுந்தி ஒரு கண்ணின் பாவை விரிந்து அசையாமல் நிற்கிறது. ரத்த அழுத்தம் உயர்ந்து, நாடி குறைந்து, மூச்சு ஒழுங்கு தவறுவது, அமெரிக்க மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விவரித்த கடைசி எதிர்ப்பு. அங்கே கணக்கிடப்படுவது நிமிடங்கள்.

அழுத்தம் குறைவதாலும் இதே நோய் வரும் என்பதை அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. முதுகுத் தண்டின் உறையில் எங்கோ சின்னக் கிழிசல் ஏற்பட்டுத் தண்டுவடத் திரவம் ஒழுகிக்கொண்டிருந்தால், மண்டைக்குள் மூளை தொய்ந்து கீழிறங்குகிறது. மேலே இணைப்புச் சிரைகள் இழுபடுகின்றன. இரண்டு பக்கமும் ரத்தம் சேர்கிறது. இவர்கள் பெரும்பாலும் நடுவயதினர் அல்லது இளையவர்கள்; எழுந்து உட்கார்ந்தால் தலைவலி கூடும், படுத்தால் குறையும். கிழிசலை அடைக்காமல் மேலே ரத்தத்தை மட்டும் வடித்தால், மூளை இன்னும் தொய்ந்து நிலைமை மோசமாகலாம். அறுபதைத் தாண்டாத ஒருவருக்கு, அடிபட்ட வரலாறும் இல்லாமல் இரண்டு பக்கமும் கட்டு தெரிந்தால், ஒழுக்கைப் பற்றிக் கேட்டுவிடுவது நல்லது.

சி.டி. ஸ்கேனில் புதிய ரத்தம் வெண்மையாகவும் பழைய ரத்தம் கருமையாகவும் தெரியும். இரண்டுக்கும் நடுவே, ஏறத்தாழ இரண்டு மூன்று வார வயதில், ரத்தம் மூளையின் நிறத்துக்கே வந்துவிடும். அது ஒரு பக்கம் மட்டும் இருந்தால் நடுக்கோடு விலகியிருப்பதைக் கொண்டு கண்டுபிடித்துவிடலாம். இரண்டு பக்கமும் இருந்தால் நடுக்கோடும் நேராக நிற்கும். மூளையின் மடிப்புகள் மறைந்து, அந்த வயதுக்குப் பொருந்தாத அளவுக்கு நிறைவாகத் தெரியும் மூளை ஒன்றே துப்பு. எண்பது வயதுக்காரரின் ஸ்கேனில் மூளை இளமையாகத் தெரிந்தால் கதிரியக்க மருத்துவர் மகிழ்வதில்லை, சந்தேகப்படுகிறார்.

சிகிச்சையின் நடுநாயகம் வடிப்பதுதான். மண்டையோட்டில் ஒன்று அல்லது இரண்டு சிறு துளைகள் போட்டு, டியூராவையும் வெளிச் சவ்வையும் கீறியதும், உறையாத கருஞ்சிவப்புத் திரவம் வெளியேறுகிறது. பழைய என்ஜின் எண்ணெயைப் போல இருக்கும் என்று அறுவை மருத்துவர்கள் சொல்வார்கள். மறுநாள் தந்தையின் தலைமாட்டுக்குக் கீழே தொங்கிய பையில் நான் கண்டதும் அதே நிறந்தான், அதே கொழகொழப்புத்தான். திரவம் வெளியேறிய அந்தக் கணத்தில் மூளையின் உள்ளே நிகழ்வது மிகவும் நுட்பமானது. நெடுநாள் நசுங்கிக் கிடந்த சிரைகள் திறக்கின்றன. ஓட்டக் குறைவுக்கு ஈடாக நெடுநாள் விரிந்தே கிடந்த நுண்தமனிகள் உடனே சுருங்கத் தெரியாமல் நிற்கின்றன. அழுத்தம் சட்டென்று இறங்கினால் அந்தப் பகுதிக்குள் ரத்தம் தேவைக்கு மேல் பாய்ந்துவிடலாம். முதியவர்களில் சிலர் அறுவைக்குப் பின் ஓரிரு நாள் அமைதியிழந்து பிதற்றுவதற்கு இந்த மிகை ஓட்டம் காரணமாக இருக்கலாம். மிக அரிதாக மூளைக்குள்ளேயே புதிய ரத்தக்கசிவும் ஏற்படுகிறது. திரவத்தை மெதுவாக வெளியேற்றுவதிலும், அறுவைக்குப் பின் ரத்த அழுத்தத்தை இரண்டு பக்கமும் எல்லைக்குள் வைத்திருப்பதிலும் மருத்துவர்கள் காட்டும் கவனத்துக்குப் பொருள் இதுவே.

வடித்த இடத்தை மூளை விரிந்து வந்து நிரப்ப வேண்டும். நெடுநாள் நசுங்கிய முதிய மூளை உடனே விரிவதில்லை. இடைவெளியில் காற்றும் திரவமும் தங்கும், சவ்வின் குழாய்கள் அதற்குள் மீண்டும் கசியும். கட்டு திரும்ப வருவதன் பொறிமுறை இது. துளையிட்டு வடித்தபின் ஒரு வடிகுழாயை விட்டுவைத்தால் என்ன ஆகும் என்பதைக் கேம்பிரிட்ஜில் 215 நோயாளிகளிடம் ஆராய்ந்து 2009-இல் வெளியிட்டார்கள்: குழாய் வைத்தவர்களில் 9.3 சதவீதத்தினருக்குக் கட்டு திரும்ப வந்தது, வைக்காதவர்களில் 24 சதவீதத்தினருக்கு. ஆறு மாத இறப்பும் குழாய் வைத்தவர்களிடம் பாதியளவுக்குக் குறைந்திருந்தது. இவ்வளவு எளிய ஒரு குழாய் இவ்வளவு செய்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பு.

அழற்சிதானே காரணம், அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு கொடுத்தால் என்ன என்ற எண்ணம் இயல்பானது. பிரிட்டனில் 748 பேரிடம் நடந்து 2020-இல் வெளியான டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைப் பற்றிய ஆய்வு அந்த நம்பிக்கையைத் தளர்த்திவிட்டது. மருந்து பெற்றவர்களுக்கு மறு அறுவை குறைந்தது உண்மை: 1.7 சதவீதம், மற்றவர்களுக்கு 7.1. ஆனால் ஆறு மாதம் கழித்து நல்ல நிலையில் இருந்தவர்கள் மருந்து பெற்ற பிரிவில் 83.9 சதவீதம், பெறாத பிரிவில் 90.3. ஸ்கேன் படம் நன்றாக ஆவதும் மனிதர் நன்றாக ஆவதும் வேறு வேறாகப் பிரிந்துபோனதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் படித்ததில்லை.

வெளிச் சவ்வின் கசியும் குழாய்களுக்கு ரத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தவர்களுக்கு வேறொரு வழி கிடைத்தது. அது மூளையின் தமனிகளிலிருந்து வருவதில்லை. மூளை உறைக்கு ரத்தம் தரும் நடு உறைத் தமனியிலிருந்து வருகிறது. மணிக்கட்டு அல்லது தொடையின் தமனி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி அந்தத் தமனியை அடைத்துவிட்டால், மூளையின் ஓட்டத்துக்கு இடையூறில்லாமல் சவ்வு மட்டும் பட்டினி கிடந்து வாடும். ஜப்பானில் 2000-ஆம் ஆண்டில் ஒரு நோயாளியிடம் செய்யப்பட்ட இம்முறை, 2024-இல் பெரிய ஆய்வுகளின் முடிவுகளோடு முன்னுக்கு வந்திருக்கிறது. எம்போலைஸ் என்ற அமெரிக்க ஆய்வில், அறுவையோடு தமனியையும் அடைத்தவர்களில் 4.1 சதவீதத்தினருக்கே 90 நாளுக்குள் மறு அறுவை தேவைப்பட்டது. அறுவை மட்டும் பெற்றவர்களில் 11.3 சதவீதம். எல்லா ஆய்வுகளும் இவ்வளவு தெளிவான வேறுபாட்டைக் காட்டவில்லை. அந்தத் தமனிக்குக் கண்ணின் தமனியோடு சிலருக்குத் தொடர்பு இருப்பதால், அரிதாகப் பார்வைக்கே கேடு வரலாம் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அறுவைக்குப் பின் வீட்டார் கண்ணில் படும் மாற்றங்களுக்கும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. கை கால் வலு பெரும்பாலும் முதலில் திரும்பும், சிலருக்கு அன்றே. பேச்சும் விழிப்பும் அடுத்த நாள்களில். நினைவும் கவனமும் கடைசியில், வாரக்கணக்கில். சிலருக்கு அவை முழுமையாகத் திரும்புவதில்லை. முன்பே இருந்த மறதிநோயை இந்தக் கட்டு வெளிக்காட்டியிருக்கவும் கூடும், நெடுநாள் ஓட்டக் குறைவே மூளையைத் தேய்த்திருக்கவும் கூடும். அந்த வாரங்களில் நாம் செய்யக்கூடியது ஓட்டத்தைக் காப்பது: தண்ணீர் குடிக்க வைப்பது, சட்டென்று எழாமல் பார்த்துக்கொள்வது, ரத்த அழுத்த மாத்திரையின் அளவு அறுவைக்குப் பிறகும் பொருந்துகிறதா என்று மருத்துவரிடம் கேட்பது. நிறுத்திவைத்த ரத்த மெலிவு மாத்திரையை என்றைக்குத் திரும்பத் தொடங்குவது என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். இதயத்தில் செயற்கை வால்வு உள்ளவருக்கும் முன்னெச்சரிக்கையாக ஆஸ்பிரின் சாப்பிட்டவருக்கும் அந்த நாள் ஒன்றாக இராது.

சில வாரம் கழித்து எடுக்கும் ஸ்கேனில், கட்டின் ஒரு பகுதி இன்னும் அங்கேயே இருப்பதைக் கண்டு பலர் நடுங்கிவிடுகிறார்கள்; நாங்களும் நடுங்கினோம். மூளை விரிந்து அந்த இடத்தை எடுத்துக்கொள்ளப் பெரும்பாலும் மாதங்கள் ஆகும். மருத்துவர் முதலில் படத்தைப் பார்க்கவில்லை. தந்தையை இரு கைகளையும் நீட்டிக் கண்களை மூடச் சொன்னார், அறையின் குறுக்கே நடந்து காட்டச் சொன்னார். இடக்கை தாழவில்லை. அந்த மிச்சத்தை அப்படியே விட்டுவிடலாம் என்றார், அடுத்த ஸ்கேனுக்கு ஒரு தேதி குறித்தார்.